சொன்னவர் யார்? எழுதியவர் யார்?

செலண்டாரில் சனிக்கிழமை காலையில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில், வெண்பலகையின் மேல் மூலையில் ஒரு மேற்கோளை எழுதிப் போடுவது வழக்கம். எஸ்.பி.எம். கட்டுரைக்கு மாணவர்களுக்கு உதவட்டும் என்றுதான். ஒரு வாரம் குறள் வரும், ஒரு வாரம் பாரதி வருவார். கல்வியைப் பற்றிய தலைப்பு வந்துவிட்டால் மட்டும் பல ஆண்டுகளாக ஒரே வாசகம்தான். சீனா வரைக்கும் போக நேர்ந்தாலும் போய்க் கல்வியைத் தேடுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கும் அந்த வாசகம். பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டில் எல்லாச் சமயப் பெரியவர்களின் சொல்லும் மாணவர் கட்டுரையில் வரவேண்டும் என்பது என் ஆசை. அந்த வாசகத்தை என் கையால் எழுதிப் போட்டு, எத்தனை பேர் அதைத் தேர்வுத் தாளில் எழுதினார்களோ, கணக்கே இல்லை.

சென்ற ஆண்டு படிவம் 5 மாணவி ஒருவர் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அது நபிமொழி இல்லைன்னு எங்க உஸ்தாஸ் சொன்னாரு."

கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. புலனத்தில் வரும் பொய்ச் செய்திகளைப் பகிராதீர்கள், மூலத்தைப் பாருங்கள் என்று வாரத்துக்கு ஒரு முறை பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறவன் நான். வள்ளுவர் பெயரில் உலவும் போலிக் குறள்களை வகுப்பில் வைத்துக் கிண்டல் செய்தவனும் நான். இந்த ஒரு வாசகத்தின் மூலத்தை மட்டும் ஒரு நாளும் தேடியதில்லை.

நான் முஸ்லிம் அல்லன். மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. ஆனால், ஒரு வாசகத்தைச் சொன்னவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது தமிழ் படிக்கிற ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி. ஔவையார் ஒருவரா, பலரா என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அகத்தியர் பெயரில் இருக்கும் மருத்துவ நூல்களை எல்லாம் ஒரே அகத்தியர்தான் எழுதினாரா என்றும் கேட்கிறோம். ஆகவே தேடத் தொடங்கினேன்.

சங்கிலியும் அதன் கண்ணிகளும்

நபிமொழிகளை ஹதீஸ் என்கிறார்கள். ஒவ்வொரு ஹதீஸுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, செய்தி. மற்றொன்று, அந்தச் செய்தி யாரிடமிருந்து யாருக்கு, அவரிடமிருந்து யாருக்கு என்று கைமாறி வந்த அறிவிப்பாளர் தொடர், அரபியில் இஸ்னாது. முதலில் சோதிக்கப்படுவது தொடர்தான். செய்தி அழகாக இருக்கிறதா, நல்ல கருத்தா என்பதெல்லாம் பிறகு.

வகுப்பில் இதை எப்படி விளக்கினேன் என்றால், தோட்டத்துக் கதையாகத்தான். அந்தக் காலத்தில் துரை பங்களாவில் ஒரு சம்பவம் நடந்ததாகத் தாத்தா சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா நேரில் பார்த்தாரா? இல்லை, மண்டோர் சொன்னாராம். மண்டோரும் தாத்தாவும் ஒரே காலத்தில் ஒரே தோட்டத்தில் இருந்தார்களா? மண்டோர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் தாத்தா இங்கே வந்தார் என்றால் நடுவில் ஒரு கண்ணி அறுந்துவிட்டது. இருவரும் சந்தித்திருந்தாலும், அந்த மண்டோர் உள்ளதைச் சொல்கிறவரா, கூட்டிச் சொல்கிறவரா? வயதான காலத்தில் நினைவு தடுமாறியதா? இதே சம்பவத்தை வேறு யாராவது வேறு வழியாகச் சொல்லியிருக்கிறார்களா?

முஸ்லிம் அறிஞர்கள் இந்தக் கேள்விகளை ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்கள் ஒவ்வொருவரையும் குறித்துக் கேட்டு, பிறப்பு, இறப்பு, ஊர், ஆசிரியர், மாணவர், நம்பகம் என்று குறித்து வைத்தார்கள். அறிவிப்பாளர் வரலாறு என்றே தனிக் கலை வளர்ந்தது. 870இல் மறைந்த இமாம் புகாரி தம் தொகுப்பை ஆறு லட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்தத் தொகுப்பில், மீண்டும் மீண்டும் வருபவற்றையும் சேர்த்து எண்ணினால் ஏழாயிரத்துக்குச் சற்று மேல். ஆறு லட்சம் என்றதும் மற்றவை அத்தனையும் பொய் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே செய்தி ஐம்பது தொடர்களில் வந்தால் அதை ஐம்பது என்று எண்ணுவது அவர்களுடைய வழக்கம். சோதித்த பிறகு தரமும் பிரிப்பார்கள். உறுதியானது ஸஹீஹ், அதற்கு அடுத்தது ஹஸன், பலவீனமானது ளயீஃப், இட்டுக்கட்டப்பட்டது மவ்ளூஃ. 'பலவீனம்' என்பதும் 'இட்டுக்கட்டு' என்பதும் ஒன்றல்ல. முன்னது, நிரூபிக்கப் போதவில்லை என்று பொருள். பின்னது, யாரோ செய்தது என்று பொருள்.

நான் பலகையில் எழுதிய வாசகத்துக்கு வருவோம். அதன் தொடர் நபித்தோழர் அனஸ் வரை போகிறது. அவருக்கும் பின்னால் வந்தவர்களுக்கும் நடுவில் அபூ ஆத்திகா என்று ஒருவர். இவர் அறிவிப்பது ஏற்கத்தக்கதல்ல என்று புகாரியே சொல்லியிருக்கிறார். 'செய்தி பிரபலமானது, தொடர் பலவீனமானது' என்ற கருத்தில் பைஹகி எழுதினார். 1201இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி ஒரு படி மேலே போய், இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் திரட்டிய தம் நூலிலேயே இதைச் சேர்த்துவிட்டார். ஆக, ஆயிரம் ஆண்டுகளாக அறிஞர்கள் சொல்லி வந்ததை, உஸ்தாஸ் ஒருவரிடம் பாடம் கேட்ட 17 வயது மாணவி எனக்குச் சொன்னார்.

கல்வி தேடுவது முஸ்லிம் ஒவ்வொருவர் மீதும் கடமை என்ற கருத்துடைய வேறொரு ஹதீஸ் இப்னு மாஜாவின் தொகுப்பில் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் தொடர்களில் குறை உண்டு, பல தொடர்கள் ஒன்றையொன்று தாங்குவதால் ஏற்கலாம் என்று பல அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது பலகையில் அதைத்தான் எழுதுகிறேன். சீனா போனதில் வாசகத்தின் கவர்ச்சி கொஞ்சம் குறைந்துவிட்டது என்பது உண்மை.

நம் நாட்டில் இதைச் சரிபார்ப்பது கடினமும் அல்ல. கூட்டரசுப் பிரதேச முப்தி அலுவலகம் 'இர்ஷாத் அல்-ஹதீத்' என்ற வரிசையில், மக்கள் கேட்கும் ஹதீஸ்களின் தரத்தை ஒவ்வொன்றாக மலாய் மொழியில் விளக்கி வருகிறது. நாம் எல்லோரும் மலாய் படித்தவர்கள்தானே.

பதினேழு அஹ்மதுகள்

போலிகள் எப்படி உருவாயின? அரசியலுக்காகச் செய்தவர்கள் உண்டு. தங்கள் பிரிவை உயர்த்துவதற்காகச் செய்தவர்களும் உண்டு. எனக்குச் சுவையாகப் பட்டவர்கள் கதைசொல்லிகள். பள்ளிவாசல்களில் கூட்டம் கூட்டிக் கதை சொல்லிக் காசு வாங்கிய இவர்களுக்கு, மக்களை அழவைக்க ஒரு கதை தேவை. கதைக்கு ஒரு தொடர் தேவை.

பாக்தாதில் ருஸாஃபா பள்ளிவாசலில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். அஹ்மது இப்னு ஹன்பல், யஹ்யா இப்னு மயீன் என்ற இரு பெரும் ஹதீஸ் அறிஞர்கள் தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கதைசொல்லி எழுந்து, "அஹ்மது இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மயீனும் எனக்கு அறிவித்தார்கள்" என்று தொடங்கி, கலிமாவைச் சொல்பவருக்காக அதன் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் பொன் அலகும் பவளச் சிறகும் கொண்ட பறவை படைக்கப்படும் என்று அளந்துகொண்டே போகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "நீங்களா இதை அறிவித்தீர்கள்?" "இல்லையே, இப்போதுதான் கேள்விப்படுகிறேன்." கதை முடிந்ததும் ஆளைக் கூப்பிட்டு, நான்தான் யஹ்யா, இவர்தான் அஹ்மது என்கிறார்கள். கதைசொல்லி அசரவில்லை. "யஹ்யா ஒரு முட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், இப்போதுதான் உறுதியானது. உலகத்தில் உங்களைவிட்டால் வேறு அஹ்மதும் யஹ்யாவும் இல்லையா? நான் பதினேழு அஹ்மது இப்னு ஹன்பலிடம் ஹதீஸ் எழுதியிருக்கிறேன்!"

வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்ததும் அந்த மாணவியே கேட்டார்: "ஐயா, இந்தக் கதைக்குத் தொடர் இருக்கா?" நல்ல கேள்வி. 1348இல் மறைந்த தஹபி என்ற வரலாற்றறிஞர் இதே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கிறார். இந்தக் கதையைச் சொல்பவர் யாரென்றே தெரியவில்லை, இவரே இட்டுக்கட்டியிருப்பாரோ என்று அஞ்சுகிறேன் என்ற கருத்துப்பட எழுதிவிட்டார். போலியைப் பற்றிய கதையே போலியாக இருக்கலாம்!

வெளியிலிருந்தும் ஐயங்கள் வந்தன. 1890இல் கோல்ட்சிஹர் என்ற ஹங்கேரிய அறிஞரும், 1950இல் ஷாக்ட் என்பவரும், தொடர்களே பிற்காலத்தில் கட்டப்பட்டவையாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். பிறகு வந்த ஹாரால்ட் மொட்ஸ்கி போன்றோர் ஒரே செய்தியின் பல வடிவங்களையும் பல தொடர்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, பல செய்திகள் ஷாக்ட் நினைத்ததைவிடப் பழையவை என்று காட்டினார்கள். அந்த விவாதம் பல்கலைக்கழகங்களில் இன்னும் ஓயவில்லை. நமக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்த வேலை எனக்கே சில வாரங்களில் வந்து சேர்ந்தது.

கடைக் கணக்குப் புத்தகம்

அதே மாணவி அடுத்த மாதம் ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய நன்னி வீட்டு அலமாரியில் இருந்தது. (அவர்கள் வீட்டில் பாட்டியை நன்னி என்பார்கள்.) நன்னியின் தகப்பனார் இராமநாதபுரம் பக்கமிருந்து வந்து, இங்கே ரப்பர் தோட்டத்தை ஒட்டிச் சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். புத்தகத்தின் முன்பாதியில் கடன் கணக்கு. பின்பாதியில், அழகான சாய்ந்த கையெழுத்தில், பக்கம் பக்கமாகத் தமிழ்ப் பாடல்கள். தொடக்கத்தில் சில தாள்கள் கிழிந்து போயிருந்தன. கடைசிப் பக்கத்தில் கடைக்காரரின் பெயரோடு, 'எழுதி முடித்தது' என்று ஒரு வரி.

வீட்டில் இரண்டு கட்சி. மாணவியின் தந்தைக்குத் தம் பாட்டனார் ஒரு புலவர் என்பதில் பெருமை. அதை அச்சிட வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஆதாரமில்லாத கட்டுக்கதை, நபிகள் நாயகத்தின் பெயரில் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பதே தவறு, எரித்துவிடுங்கள் என்கிறார். நன்னி ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க பாத்துச் சொல்லுங்கய்யா, எரிக்கணுமா, அச்சுப் போடணுமா?" என்று கேட்டார் மாணவி.

இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள் என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. படித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பாடல்களில் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார். நபிகள் நாயகம் விடை சொல்லிக்கொண்டே போகிறார்கள். கேட்பவர் பெயர் அப்துல்லா இபுனு சலாம். அந்தப் பெயர்தான் சாவி. கோலாலம்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் பெயரைக் கேட்டதுமே, 'ஆயிரம் மசலாவாக இருக்கும், பாருங்கள்' என்றார். அச்சுப் படி ஒன்றின் நகலையும் அனுப்பினார். வைத்துப் பார்த்தால் வரிக்கு வரி அதேதான்.

ஆயிரம் மசலாவை இயற்றியவர் வண்ணப் பரிமளப் புலவர். காலம் 1572. மதுரையில் அரங்கேறியதாகச் சொல்வார்கள். முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களில் இதுவே பழையது. இதற்கும் முந்திய பல்சந்தமாலையில் சில பாடல்கள்தாம் மிஞ்சியிருக்கின்றன. உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டது. மசலா என்பது கேள்வி என்று பொருள்படும் அரபுச் சொல். மசாலாவோடு இதற்குச் சம்பந்தமில்லை. (வகுப்பில் ஒருவன் அதையும் கேட்டான்.)

'எழுதினார்' என்ற ஒரு சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. பாட்டு இயற்றியவரும் எழுதினவர்தான், பார்த்துப் படியெடுத்தவரும் எழுதினவர்தான். ஏட்டுச் சுவடிகளின் கடைசியில் இருக்கும் பெயர் பெரும்பாலும் படியெடுத்தவருடையது. இயற்றியவரைப் பற்றிய செய்தி பாயிரத்தில் இருக்கும். இந்தப் புத்தகத்தில் கிழிந்து போனதோ முன்பகுதி. மிஞ்சியதோ கடைசிப் பக்கம். ஒரு கடைக்காரர் புலவர் ஆனது இப்படித்தான்.

மூன்று கேள்வி ஆயிரமான கதை

எரிக்கச் சொன்னவரின் வாதத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? அப்துல்லா இபுனு சலாம் கற்பனைப் பாத்திரம் அல்லர். மதீனாவில் வாழ்ந்த யூத அறிஞர், இஸ்லாத்தைத் தழுவியவர். நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்த செய்தி கேட்டு, ஓர் இறைத்தூதருக்கு மட்டுமே தெரியக்கூடியவை என்று மூன்று கேள்விகளை அவர் கேட்டதாகப் புகாரியின் தொகுப்பிலேயே அனஸ் வழியாக வருகிறது. இறுதி நாளின் முதல் அடையாளம் என்ன, சொர்க்கவாசிகள் உண்ணும் முதல் உணவு என்ன, பிள்ளை தாயையோ தந்தையையோ ஒத்திருப்பது எதனால் என்பவை அவை. ஹதீஸ் கலையின் அளவுகோலில் உறுதியாக நிற்பது இந்த மூன்றும்தான்.

அந்த மூன்று விதையிலிருந்து பிறகு ஒரு பெரிய மரம் கிளைத்தது. அரபியில் 'அப்துல்லா இப்னு சலாமின் கேள்விகள்' என்று ஒரு தனி நூல் உருவானது. வானம், பூமி, சொர்க்கம், நரகம், ஆதம் நபி படைக்கப்பட்டது, இரண்டாவது இல்லாத ஒன்று எது, மூன்றாவது இல்லாத இரண்டு எது என்று விடுகதைகளும் சேர்ந்துகொண்டன. 1143இல் ஸ்பெயினில் அதை லத்தீனில் பெயர்த்தார்கள். குளூனி மடத்துத் தலைவர் பீட்டர், இஸ்லாத்தை மறுப்பதற்காகத் தொகுக்கச் சொன்ன நூல்களில் அதுவும் ஒன்று. ஐரோப்பாவில் மறுக்கப் படித்த அதே நூலை இந்தப் பக்கம் தமிழரும் மலாய்க்காரரும் ஜாவானியரும் பக்தியோடு பாடினார்கள். மலாயில் அது 'ஹிகாயத் செரிபு மசாலா', ஜாவானியத்தில் 'செராத் சமுத்'. இந்த மூன்று மொழி வடிவங்களையும் ஒப்பிட்டு ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் 2011இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஆயிரம் என்று பெயர் இருந்தாலும் கேள்விகள் எந்த மொழியிலும் ஆயிரம் இல்லை. நிறைய என்பதற்கு ஆயிரம் என்கிறோமே, அப்படித்தான்.

ஆக, 'இந்தப் பாடல்களில் இருப்பவை அனைத்தும் நபிகள் நாயகம் சொன்னவையா?' என்று கேட்டால், ஹதீஸ் அறிஞர்கள் இல்லை என்பார்கள். எரிக்கச் சொன்ன உறவினர் இந்த அளவில் சரி. 'இந்த நூல் போலியா?' என்று கேட்டால், அதுவும் இல்லை. 1572இல் ஒரு தமிழ்ப் புலவர் இயற்றிய உண்மையான நூல் இது. அந்தக் காலத்துத் தமிழ் முஸ்லிம்கள் எதைக் கேட்டார்கள், எதை நம்பினார்கள், எந்த அரபுச் சொல்லை எப்படித் தமிழாக்கினார்கள் என்பதற்கு இதைப் போன்ற சாட்சி வேறு இல்லை.

சீறாப்புராணத்தையும் இப்படித்தான் நான் பாடம் நடத்துகிறேன். மானுக்குப் பிணை நின்ற படலத்தை இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். வேடனிடம் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வர, நபிகள் நாயகம் பிணை நிற்கும் இடம். அந்த நிகழ்ச்சியின் தொடர்கள் பலவீனமானவை என்று ஹதீஸ் அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக உமறு பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. அவர் எழுதியது காப்பியம். அரபு நாட்டில் மழை கொட்டி, ஆறு பெருகி, வயல் விளையும்படி நாட்டுப் படலம் பாடியவர் அவர். அதை யாரும் புவியியல் பாடமாக எடுத்துக்கொள்வதில்லையே. மாணவன் தேர்வில் 'நபிகள் நாயகம் மானுக்குப் பிணை நின்றதாக உமறுப் புலவர் பாடுகிறார்' என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை. 'உமறுப் புலவர் பாடுகிறார்' என்பதை விட்டுவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மலாக்காக் கோட்டையில் ஓர் இரவு

இந்தக் கதைகள் நம் மாநிலத்துக்குப் புதியவை அல்ல. 1511இல் போர்த்துகீசியர் தாக்கப் போகும் முன்னிரவில், மலாக்கா வீரர்கள் துணிவு பெறுவதற்காக முகம்மது ஹனஃபியாவின் ஹிகாயத்தைப் படிக்கக் கேட்டார்கள் என்றும், சுல்தான் அஹ்மது முதலில் அமீர் ஹம்ஸாவின் ஹிகாயத்தைக் கொடுத்தனுப்பினார் என்றும் செஜாரா மெலாயு சொல்கிறது. இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்த வீரக் கதைகள். நபிகள் நாயகத்தின் சிற்றப்பா ஹம்ஸா 625இல் உஹுதுப் போரில் மறைந்தவர் என்பது வரலாறு. ஹிகாயத்தில் அவர் நாடு நாடாகப் போய்ப் போர் செய்கிறார். தமிழில் வழங்கும் சைத்தூன் கிஸ்ஸாவுக்கும் அதே முகம்மது ஹனிபாதான் நாயகன். ஆனால் அந்த மலாய் ஹிகாயத்துகளை எழுதியவர் யார்? பெயர் இல்லை. பெயர் போடுவது அன்று வழக்கமும் இல்லை.

செஜாரா மெலாயுவின் கதையும் அதே. நாம் பள்ளியில் துன் ஸ்ரீ லானாங் என்று மனப்பாடம் செய்தோம். 1612ஆம் ஆண்டைக் குறிப்பிடும் முன்னுரை இருக்கிறது. ஆனால் துன் ஸ்ரீ லானாங்கின் பெயர் எல்லாச் சுவடிகளிலும் இல்லை. லண்டனில் இருக்கும் ராஃபிள்ஸ் 18 என்ற சுவடியில் அது கிடையாது. அவர் இயற்றியவரா, தொகுத்தவரா, திருத்தியவரா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் மாற்றியவர் மலாக்காக்காரர் ஒருவரே. கம்போங் பாலியில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அவருடைய பூட்டனார் யேமனிலிருந்து நாகூருக்கு வந்து பெண் கட்டியவர். அந்தக் காலத்து மலாக்காவில் வணிகரின் கணக்கு வழக்கெல்லாம் தமிழில் நடந்ததால், அப்துல்லாவைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தபோது தமக்குத் துணை செய்த தமிழ் நண்பரின் பெயரையும் அவர் மறைக்கவில்லை. 1849இல் அச்சான ஹிகாயத் அப்துல்லாவில், நான் இன்னார், இன்ன ஊர், இதை நான் பார்த்தேன், இதைக் கேள்விப்பட்டேன் என்று தம் பெயரிலேயே எழுதினார். இயற்றியவர் யார் என்ற குழப்பத்துக்கே அதில் இடமில்லை. அப்துல்லா தமிழ்க் கணக்குப் படித்தவர் என்று நான் சொன்னபோது மாணவி தன் பூட்டனாரின் கணக்குப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நன்னி சொன்னது

வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டிய நாள் வந்தது. உண்மையில் எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு குடும்பத்தின் புலவரை நான் பறிக்கப் போகிறேன். மாணவியின் தந்தையின் முகம் வாடியதையும் பார்த்தேன். 1572, மதுரை, வண்ணப் பரிமளப் புலவர் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். எரிக்கவும் வேண்டாம், உங்கள் பாட்டனார் பெயரில் அச்சுப் போடவும் வேண்டாம் என்றேன்.

நன்னி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அத்தா பாட்டுக் கட்டுனாருன்னு நான் எப்ப சொன்னேன் வாத்தியாரே?" என்றார். "ராத்திரி கடைய சாத்திட்டு மண்ணெண்ணெ விளக்குல உக்காந்து பாத்துப் பாத்து எழுதுவாரு. புஸ்தகம் ஒருத்தர்கிட்ட இரவல் வாங்குனது, மாசக் கடைசியில திருப்பிக் குடுக்கணும்னு அவசரம். நான் பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேப்பேன், அவரு வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே எழுதுவாரு."

யாரும் அவரைக் கேட்கவில்லை. முதல் அறிவிப்பாளர் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். நானும்தான் கேட்கவில்லை, கோலாலம்பூருக்குப் போன் போட்டேன்.

அந்த அவசரத்துக்குப் புத்தகத்திலேயே அடையாளம் உண்டு. ஓரிடத்தில் ஒரே பாட்டு இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. கண் வரி தவறியிருக்கும். எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பழமொழியே இருக்கிறதே. பிற்பகுதியில் எழுத்து சிறுத்து, நெருங்கி, கோணலாகிக்கொண்டே போகிறது. கடைசித் தாள்களில் ஓரமாக 'அரிசி 3 கந்தம்' என்று ஒரு கணக்கும் நுழைந்துவிட்டது. முன்பாதியில் இருக்கும் கடன் கணக்கில் வெள்ளியும் காசும், 1953 என்ற ஆண்டும் தெளிவாக இருக்கின்றன. ஆகவே இது எப்போது எழுதப்பட்டது என்பதில் எங்களுக்கு ஓரளவு உறுதி வந்துவிட்டது. எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினார் என்பதுதான் அடுத்த கேள்வி. அச்சுப் படியில் இருந்து சில இடங்களில் சொற்கள் மாறுகின்றன. அது கடைக்காரரின் கைப்பிழையா, இரவல் புத்தகமே வேறு பதிப்பா என்று பார்க்க வேண்டும்.

மாணவி எஸ்.பி.எம். முடித்துவிட்டார். சனிக்கிழமை வகுப்புக்கு இன்னும் வருகிறார், மேசையின் ஒரு பக்கம் அச்சு நகல், மறு பக்கம் கணக்குப் புத்தகம், நடுவில் ஒரு பென்சில். மாறும் சொல் ஒவ்வொன்றையும் குறித்து வைக்கிறார். சென்ற வாரம் 42ஆம் பக்கம் வரை வந்திருக்கிறார்.